எந்தப் பேரரசியின் வெள்ளி? ரோமானிய நாணயம் வாங்கப் போகிறவர்களுக்கு ஓர் ஒப்பீடு

பேரரசியின் உருவம் பொறித்த ரோமானிய வெள்ளி நாணயத்தில் ஒன்றே ஒன்று வாங்குவதென்றால், பின்பக்கம் தெளிவாக விழுந்த ஜூலியா டோம்னா தெனாரியஸ் (ரோமின் வழக்கமான வெள்ளி நாணயம்) வாங்குங்கள். வெள்ளியின் தரமும் முகத்தின் அழகும்தான் பெரிது என்பவர்களுக்கு மூத்த ஃபௌஸ்டினா. பெண்தெய்வங்களை வரிசையாகச் சேர்க்கும் எண்ணம் இருந்தால் இளைய ஃபௌஸ்டினா. காசு கொஞ்சம் இடித்தால் ஜூலியா மமாயா. மற்ற பெயர்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஏன் இந்த வரிசை, எப்போது இதை மாற்றலாம் என்பதைக் கீழே பார்ப்போம்.

விலை தெரியாமல் எதையும் ஒப்பிட முடியாது. வெளிநாட்டு டீலர்களிடமும் ஆன்லைன் ஏலங்களிலும், நடுத்தர நிலையில் உள்ள சாதாரண டோம்னா தெனாரியஸ் சுமார் 70 முதல் 120 அமெரிக்க டாலர். இதை ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால், மூத்த ஃபௌஸ்டினா, இளைய ஃபௌஸ்டினா இருவரும் ஏறக்குறைய அதே ஒரு பங்கு. மமாயாவும் மேசாவும் சற்றுக் கீழே. லூசில்லாவும் கிறிஸ்பினாவும் சற்று மேலே. ப்ளாட்டில்லா, சோயமியாஸ் ஒன்றரை முதல் இரண்டு பங்கு. ஹேட்ரியனின் மனைவி சபீனா மூன்று பங்குக்குக் குறையாது. பேரரசர் செவெரஸ் அலெக்சாண்டரின் மனைவி ஆர்பியானா இன்னும் பல மடங்கு. ஏலத்தில் எடுத்தால் கேட்ட விலைக்கு மேல் 20 சதவீத அளவுக்குக் கமிஷன், அதற்கு மேல் தபால் செலவு, சுங்கம் என்று ஏறிக்கொண்டே போகும். 80 டாலர் நாணயம் கைக்கு வரும்போது 80 டாலராக இருக்காது.

வெள்ளி எவ்வளவு?

நீரோ கி.பி. 64-இல் தெனாரியஸின் எடையைக் குறைத்து, ஒரு ரோமானிய ராத்தலுக்கு 96 நாணயம் என்று வைத்தார். ஒன்று 3.4 கிராம் அளவில் வரும். கலப்பும் அப்போதே தொடங்கிவிட்டது. அன்டோனினஸ் பயஸ் காலத்தில், அதாவது மூத்த ஃபௌஸ்டினா நாணயங்களில், வெள்ளி 80 சதவீதத்தை ஒட்டி இருக்கும். மார்க்கஸ் ஆரேலியஸ் காலத்தில் அதற்குச் சற்றுக் கீழே. பெரிய வெட்டு விழுந்தது டோம்னாவின் கணவர் செப்டிமியஸ் செவெரஸ் காலத்தில். 194-ஐ ஒட்டி அவர் வெள்ளியை ஏறக்குறையப் பாதியாக்கினார். எனவே டோம்னா நாணயங்களில் பெரும்பாலானவை பாதி செம்புதான். மமாயா காலத்துக்கு வரும்போது பாதிக்கும் கீழே போய்விட்டது.

இது வெறும் கணக்கு இல்லை, கண்ணுக்கே தெரியும். ஃபௌஸ்டினா நாணயம் அடர்த்தியான சாம்பல் கலந்த வெள்ளை. பழைய கருமை படிந்தால் ஓரங்களில் நீலமும் பொன்னிறமும் எட்டிப்பார்க்கும். டோம்னா கொஞ்சம் வெளிறியிருக்கும். வில்லையை, அதாவது அச்சு விழாத வெறும் உலோகத் தட்டை, அச்சடிப்பதற்கு முன் அமிலத்தில் இட்டு மேற்பரப்புச் செம்பை நீக்கியதால் மேலே மெல்லிய வெள்ளித் தோல் இருக்கும். அது தேய்ந்த மேடுகளில், கன்னத்திலும் மூக்கிலும், மங்கலான செந்நிறம் தெரியலாம். அதைப் பார்த்துவிட்டுப் போலி என்று ஒதுக்கிவிடக் கூடாது. மேட்டில் சீராகப் பரவிய செம்மை தேய்மானத்தால் வந்தது. ஒரே இடத்தில் தோல் உரிந்து, அடியில் பச்சையோ பழுப்போ தெரிந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

மூத்த ஃபௌஸ்டினா

அன்டோனினஸ் பயஸின் மனைவி. 140-இன் இறுதியில் இறந்து, செனட்டால் தெய்வமாக்கப்பட்டார். ரோமன் ஃபோரத்தில் அவருக்கு எழுந்த கோவில் இன்றும் சான் லொரென்சோ இன் மிராண்டா தேவாலயத்தின் முகப்பாக நிற்கிறது. கணவர் 161-இல் இறக்கும்வரை, இருபது ஆண்டுகள் அவர் பெயரில் நாணயம் வந்துகொண்டே இருந்தது. உயிரோடு இருந்தபோது வந்தவை குறைவு. இறந்த பின் வந்தவை ஏராளம். மலிவாகக் கிடைப்பதற்குக் காரணம் இதுதான். சந்தையில் உள்ளவற்றில் பெரும்பகுதி 'டிவா ஃபௌஸ்டினா' (தெய்வமான ஃபௌஸ்டினா) என்ற எழுத்துள்ளவை.

முகத்துக்காக வாங்குகிறவர்களுக்கு இதைவிட நல்ல தெரிவு இல்லை. தலைமுடியைப் பல பின்னல்களாகப் பின்னி, முத்துச்சரம் சுற்றி, உச்சந்தலையில் கொண்டையாக ஏற்றியிருப்பார்கள். அச்சு வெட்டியவர் கைதேர்ந்தவர் என்றால் ஒவ்வொரு முத்தும் தனித்தனிப் புள்ளியாக நிற்கும். மிக உயரமான பகுதி என்பதால் தேய்மானமும் அங்கேயும் கன்னத்திலும்தான் முதலில் தெரியும். முத்துகளை எண்ண முடிகிற நாணயம் கிடைத்தால் யோசிக்காமல் எடுக்கலாம்.

பின்பக்கம்தான் இவரிடம் குறை. நித்தியத்தைக் குறிக்கும் எடர்னிட்டாஸ், கையை உயர்த்தியபடியோ கோளத்தைப் பிடித்தபடியோ, திரும்பத் திரும்ப வருவார். 'அவுகுஸ்டா' (பேரரசியின் பட்டம்) என்ற எழுத்தோடு நிற்பவர் கதிரும் தீவட்டியும் பிடித்திருந்தால் அது தானியத் தெய்வம் செரஸ். தனித்து நிற்பது மயில் வகை. பேரரசர்களைக் கழுகு வானுலகுக்குத் தூக்கிச் செல்வதுபோல், பேரரசியரை ஜூனோவின் மயில் கொண்டுசெல்கிறது. 'கான்செக்ராசியோ' (தெய்வமாக்கல்) என்று எழுதி மயில் நிற்கும் நாணயத்துக்குச் சாதாரண எடர்னிட்டாஸைவிட நன்றாகவே கூடுதலாகக் கேட்பார்கள். கொடுக்கலாம், தகும். ஏழைச் சிறுமிகளுக்காக அவர் பெயரில் அமைந்த அறக்கட்டளையைக் காட்டும் வகையும் உண்டு. அது ஏலக்கூடத்தில் பார்த்துவிட்டு வருவதற்கு மட்டும்.

இளைய ஃபௌஸ்டினா

முன்னவரின் மகள், மார்க்கஸ் ஆரேலியஸின் மனைவி. 147-இல் அவுகுஸ்டா பட்டம்; 175-இல் கப்படோக்கியாவில் மரணம். தாயோடு குழப்பிக்கொள்வது சந்தையில் அன்றாடம் நடக்கும் தவறு, டீலர்களும் விதிவிலக்கல்ல. கொண்டையைப் பாருங்கள். உச்சியில் இருந்தால் தாய். பின்னந்தலையில் அல்லது கழுத்தருகே சுருட்டியிருந்தால் மகள். மகளுடைய இறப்புக்குப் பின் வந்த நாணயங்களில் பெரும்பாலும் 'டிவா ஃபௌஸ்டினா பியா' என்று கூடுதலாக ஒரு சொல் வரும். 'பயஸ் மகள்' என்று நீளமாக எழுதியிருந்தால் அவை தந்தை ஆட்சியில் வந்த ஆரம்பக்கால நாணயங்கள்.

இவருக்குப் பத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள். ஒவ்வொரு பேறும் அரச விளம்பரம்தான் என்பதால் பின்பக்கங்கள் விதவிதமாக உள்ளன. மகப்பேற்றின் உருவான ஃபெகுண்டிட்டாஸ் கையில் குழந்தையோடு நிற்பார். காலடியில் இன்னும் சில. 161-இல் பிறந்த இரட்டையர்களான கொமோடஸும் அன்டோனினஸும் அரியணை மேல் உட்கார்ந்திருக்கும் 'சேகுலி ஃபெலிசிட்' வகை ஒன்று உண்டு. நாற்காலி மேல் இரண்டு பொடியன்கள், தலைக்கு மேல் நட்சத்திரம்; விரல்நகம் அளவு இடத்தில் இத்தனையையும் வெட்டியிருக்கிறார்கள். தேய்ந்தால் குழந்தைகள் இரண்டு உருண்டைகளாகிவிடும், ஆகவே இதில் மட்டும் நிலையில் சமரசம் வேண்டாம்.

தெய்வங்களை எடுத்துக்கொண்டால் வீனஸ், ஜூனோ, செரஸ், டயானா, வெஸ்டா, சிபெலி என்று ஏறக்குறைய முழு வரிசையும் ஒரே முகத்தோடு அமைந்துவிடும். ஒரே பேரரசி, ஆறு தெய்வங்கள் என்று தொகுப்பு வைக்க நினைப்பவர்களுக்கு இவர்தான் சரி. வெள்ளியும் இன்னும் நல்ல வெள்ளி. ஒரு குறை, வில்லைகள் பல நேரம் அச்சைவிடச் சிறியவை. எழுத்தின் மேல்பாதி வில்லைக்கு வெளியே போயிருக்கும். தெய்வத்தின் பெயர் விளிம்பில் வெட்டுப்பட்டால் கையில் இருப்பதை வைத்துத்தான் அடையாளம் காண வேண்டும். மயில் நின்றால் ஜூனோ. ஆப்பிள் பிடித்தால் வீனஸ். இரு கையாலும் நீண்ட தீவட்டி என்றால் டயானா. முக்காடிட்டு, கரண்டி போன்ற சிம்புலமோ பல்லேடியம் என்ற சின்னஞ்சிறு தெய்வச் சிலையோ பிடித்தால் வெஸ்டா. கோபுரக் கிரீடமும் சிங்கமும் சிபெலிக்கு.

இவருடைய மகள் லூசில்லா, மருமகள் கிறிஸ்பினா இருவரும் இதே பாணியில் வருகிறார்கள், விலை கொஞ்சம் கூட. இருவருக்கும் முடிவு நல்லதாக இல்லை. பின்னாளில் பேரரசரான கொமோடஸ் இருவரையும் காப்ரி தீவுக்கு அனுப்பிக் கொல்லவைத்தார். கிறிஸ்பினாவிடம் 'டிஸ் ஜெனிட்டாலிபஸ்' என்று எழுதி வெறும் பலிபீடம் மட்டும் உள்ள விசித்திரமான வகை உண்டு. பெண்தெய்வம் தேடுகிறவர்களுக்கு அது தேவையில்லை.

ஜூலியா டோம்னா

சிரியாவின் எமேசா, இன்றைய ஹோம்ஸ் நகரத்துச் சூரியக் கடவுள் கோவில் பூசாரியின் மகள். 193 முதல் 217 வரை, கணவர் செப்டிமியஸ் செவெரஸ் காலத்திலும் மகன் கராகல்லா காலத்திலும், இடைவிடாமல் நாணயம். பெயரைப் படித்தாலே காலம் தெரிந்துவிடும் என்பது புதியவர்களுக்குப் பெரிய வசதி. 'ஜூலியா டோம்னா அவுக்' என்றால் 193 முதல் 196. 'ஜூலியா அவுகுஸ்டா' என்றால் 196 முதல் 211. 'ஜூலியா பியா ஃபெலிக்ஸ் அவுக்' என்றால் அதற்குப் பிறகு மரணம்வரை. இந்த எழுத்துகளில் யு வருமிடமெல்லாம் வி வடிவம்தான் இருக்கும். அதற்குப் பழகிக்கொண்டால் போதும்.

முதல் கட்டத்தில் ஒரு நாணயம் தனியாகச் சொல்லத் தகுந்தது: ரோமானிய நாணயங்களின் அடிப்படைப் பட்டியலான ஆர்.ஐ.சி. தொகுதி 4-இல் எண் 536, 'வெனெரி விக்ட்ர்'. வெற்றி வீனஸ் நமக்கு முதுகைக் காட்டி நிற்கிறாள். ஆடை இடுப்புக்குக் கீழே நழுவி, இரண்டு மூன்று மடிப்புக் கோடுகளாகத் தொடையைச் சுற்றியிருக்கிறது. முழங்கையைக் குட்டையான ஒரு தூணில் ஊன்றியிருக்கிறாள். ஒரு கையில் ஆப்பிள், மறு கையில் பனையோலை. நல்ல அச்சில் முதுகுத்தண்டின் குழிவு ஒற்றைக் கோடாகத் தெரியும். இந்த நிலை டோம்னாவுக்காகப் புதிதாக வரைந்ததல்ல. நூறு ஆண்டுகளுக்கு முன் பேரரசர் டைட்டஸின் மகள் ஜூலியாவின் நாணயத்தில் தலைக்கவசமும் ஈட்டியும் பிடித்து இதேபோல் நின்றிருக்கிறாள். ஆனால் அந்த ஜூலியா நாணயத்தின் விலைக்கு டோம்னா பல வாங்கிவிடலாம்.

நடுக்கட்டத்தில் ஐசிஸ் வருகிறாள். 'சேகுலி ஃபெலிசிட்டாஸ்' என்ற எழுத்து, குழந்தை ஹோரஸுக்குப் பாலூட்டும் தாய், கப்பலின் முனையில் ஊன்றிய கால், பின்னால் சுக்கான். எண் 577. எகிப்தியத் தெய்வம் ரோமின் அதிகாரபூர்வ வெள்ளியில் இவ்வளவு வெளிப்படையாக வருவது அரிது. இருந்தும் விலை சாதாரண டோம்னாவைவிடக் கொஞ்சம்தான் அதிகம். 'மாட்டர் டேயும்' என்று சிபெலி சிங்கங்களுக்கு நடுவே உட்கார்ந்திருப்பதும் இவரிடம் உண்டு. ஜூனோ, டயானா லூசிஃபெரா, வெஸ்டா எல்லாம் வழக்கம்போல்.

இத்தனை இருந்தும் பலர் டோம்னாவை வாங்கி ஏமாறுவதற்கு ஒரே காரணம் பின்பக்கம். செவெரஸ் காலத்தில் உற்பத்தி பிரம்மாண்டம். பட்டறைகளில் பின்பக்க அச்சுகளைத் தேயத் தேயப் பயன்படுத்தினார்கள். சம்மட்டி நேரடியாக விழுந்தது மேல் அச்சில். பின்பக்கத்தைத் தாங்கியது அந்த மேல் அச்சு, ஆகவே முதலில் தளர்ந்ததும் அதுதான். விளைவு, முன்பக்கத்தில் கூந்தல் அலை அலையாகக் கத்திபோல் நிற்கும். திருப்பினால் தெய்வத்தின் முகம் மழுங்கிய ஒரு மொட்டு. இது தேய்மானம் இல்லை, பிறக்கும்போதே அப்படித்தான். விற்பவர் நிலையை முன்பக்கத்தை வைத்துத்தான் எழுதுவார். 'மிக நன்று' என்று போட்டிருந்தாலும் பின்பக்கப் படத்தைப் பெரிதாக்கி மூன்றை மட்டும் பாருங்கள்: தெய்வத்தின் முகத்தில் மூக்கு தெரிகிறதா, கையில் உள்ள பொருள் என்னவென்று சொல்ல முடிகிறதா, ஆடை மடிப்புகள் பிரிந்து நிற்கின்றனவா. மூன்றில் இரண்டு இல்லையென்றால் விட்டுவிடுங்கள். டோம்னா அடுத்த வாரமும் கிடைப்பார்.

ரோமில் அடித்தவை தவிர, எமேசாவிலும் லவோதிக்கேயாவிலும் அடித்ததாகக் கருதப்படும் கிழக்கத்திய நாணயங்களும் கலந்து வரும். எமேசாவில் எழுத்துகள் சற்றுக் கோணலாக, முகம் மெலிந்து இருக்கும். அதனால் போலி என்று பொருளல்ல. ரசனைதான்.

எமேசா வீட்டுப் பெண்கள்

டோம்னாவின் அக்கா மேசா, மேசாவின் மகள்கள் சோயமியாஸ், மமாயா. அடுத்தடுத்துப் பேரரசர்களான எலகபாலஸும் செவெரஸ் அலெக்சாண்டரும் மேசாவின் பேரன்கள்; ஆட்சியை நடத்தியது பாட்டியும் தாய்மார்களும்தான். சோயமியாஸ் 222-இல் மகன் எலகபாலஸோடு கொல்லப்பட்டார். அவருக்கு நாணயக் காலம் குறைவு, விலை கூட. அவரிடம் தேட வேண்டியது 'வீனஸ் சேலெஸ்டிஸ்', விண்ணக வீனஸ். நிற்கும் வகை பரவாயில்லாமல் கிடைக்கும்; உட்கார்ந்து எதிரே குழந்தை நிற்கும் வகை சற்று அபூர்வம். மேசாவிடம் 'புடிசிட்டியா' (கற்பு), 'சேகுலி ஃபெலிசிட்டாஸ்' (நற்காலம்) என்று இரண்டு மூன்று வகைகள்தான் சுற்றிச் சுற்றி வரும். தெய்வம் தேடுகிறவர் மேசாவிடம் அதிக நேரம் செலவிட வேண்டியதில்லை.

மமாயா வேறு. 222 முதல் 235 வரை, மகன் அலெக்சாண்டரோடு மைன்ஸ் பகுதிப் பாசறையில் வீரர்களால் கொல்லப்படும்வரை, பதின்மூன்று ஆண்டு வெளியீடு. 'வெஸ்டா' (எண் 360), காலடியில் மயிலோடு 'ஜூனோ கான்செர்வாட்ரிக்ஸ்' (எண் 343), வீனஸ் மூன்று நான்கு விதம். மயில் வேண்டும், ஆனால் ஃபௌஸ்டினா மயிலுக்குக் கொடுக்கக் கட்டுப்படியாகாது என்பவர்களுக்கு 343 அருமையான மாற்று. மமாயாவின் குறை உலோகம். வில்லை மெல்லியது, எடை 2.5 கிராமுக்கு இறங்கினால்கூட ஆச்சரியமில்லை. அடிக்கும்போது விளிம்பில் வெடிப்பு விழுவது சகஜம். விளிம்பிலிருந்து கழுத்துவரை ஓடும் வெடிப்பு உள்ளதை மட்டும் தவிருங்கள்.

ப்ளாட்டில்லா கராகல்லாவுக்கு 202-இல் மணமுடிக்கப்பட்டு, 205-இல் தன் தந்தை வீழ்ந்ததும் லிபாரி தீவுக்கு நாடுகடத்தப்பட்டவர். கைகோத்து நிற்கும் கணவன் மனைவி, மேலே 'ப்ரோபாகோ இம்பெரி', அதாவது வாரிசு தழைக்கும் என்ற வாக்குறுதி. மணமகன் அவளை வெறுத்தான் என்பதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் அந்தக் கைகோப்பு வேறு மாதிரித் தெரியும். இரண்டாவது நாணயமாக வாங்கலாம்.

இரட்டை தெனாரியஸ்: பிறைமேல் பேரரசி

215-இல் கராகல்லா வெளியிட்டதைப் பிற்காலத்தார் அன்டோனினியானஸ் என்கிறார்கள். பேரரசர் கதிர்க்கிரீடம் சூடியிருப்பார். பேரரசியின் மார்புருவத்துக்குக் கீழே பிறை இருக்கும். மதிப்பு இரண்டு தெனாரியஸ், உள்ளே இருந்த வெள்ளியோ ஒன்றரை தெனாரியஸ் அளவு. இந்த மோசடிதான் அடுத்த ஐம்பது ஆண்டில் ரோமானிய வெள்ளியையே விழுங்கியது.

வாங்குகிறவருக்கு இதனால் லாபம்: 20 முதல் 23 மில்லிமீட்டர் அகலம், தெய்வம் தாராளமாகத் தெரியும், விலை தெனாரியஸைவிடக் குறைவு. ஓட்டாசிலியா செவேரா நல்ல தொடக்கம். கணவர் பேரரசர் ஃபிலிப் 248-இல் ரோமின் ஆயிரமாவது ஆண்டைக் கொண்டாடியபோது இவர் பெயரில் நீர்யானை வந்தது. தெய்வம் வேண்டுமென்றால் கான்கார்டியாவும் (இணக்கம்) புடிசிட்டியாவும். எட்ருசில்லாவிடம் புடிசிட்டியாதான் எங்கும், ஒன்று நின்றபடி, ஒன்று உட்கார்ந்தபடி. அவர் கணவர் டேசியஸ் ஆட்சியில் பழைய தெனாரியஸ்களையே வில்லையாக வைத்து மேலே அடித்தார்கள். அடியில் பழைய எழுத்து எட்டிப்பார்க்கும் நாணயம் கிடைத்தால் அது குறையல்ல, கூடுதல் சுவாரசியம். பேரரசர் கேலியனஸின் மனைவி சலோனினாவை வெள்ளி என்று வாங்க வேண்டாம். கேலியனஸின் கடைசி ஆண்டுகளில் வெள்ளி ஐந்து சதவீதத்துக்கும் கீழே போய்விட்டது. சலோனினா நாணயத்தை வாங்கினால், கொலோன் அல்லது ட்ரியர் பட்டறையைச் சேர்ந்த ஆரம்பகால வெளியீட்டில், 'டேயே செகெட்டியே' என்ற பயிர்த்தெய்வம் கோவிலுக்குள் நிற்கும் வகையைத் தேடுங்கள். வேறு யாரிடமும் அது சட்டென்று கிடைக்காது.

நம் மண்ணில் கிடைத்த பெண்

ரோமானிய வெள்ளி என்றதும் கொங்கு நாட்டுப் புதையல்கள் நினைவுக்கு வரும். வெள்ளலூர், பூதிநத்தம் போன்ற இடங்களில் கிடைத்தவற்றில் பெரும்பாலானவை அகஸ்டஸ், டைபீரியஸ் இருவரின் தெனாரியஸ்கள். டைபீரியஸ் நாணயத்தின் பின்பக்கத்தில் செங்கோலும் கிளையும் ஏந்தி ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். அகஸ்டஸின் மனைவி லிவியா அமைதித் தெய்வமாக என்று பலர் கருதுகிறார்கள். பெயர் எழுதியிருக்காது. ஃபௌஸ்டினாவையோ டோம்னாவையோ தமிழகப் புதையல்களில் தேடினால் ஏமாற்றம்தான். நீரோ எடையைக் குறைத்த பிறகு ரோமானிய வெள்ளி இங்கே வருவது வெகுவாகக் குறைந்துவிட்டது. எடை பார்த்து வாங்கியவர்கள் நம் வணிகர்கள்.

அப்படியானால் தமிழ்நாட்டுத் தொடர்புக்காக டைபீரியஸையே முதலில் வாங்கலாமே என்றால், வேண்டாம். 'இராயனுடையதை இராயனுக்கும்' என்று வேதாகமத்தில் வரும் நாணயம் இதுதான் என்ற நம்பிக்கையால் உலகெங்கும் கிறிஸ்தவர்கள் தேடி வாங்குகிறார்கள். டோம்னாவைப்போல் நான்கைந்து பங்கு விலை, போலிகளும் அதற்கேற்ப. போதாக்குறைக்கு, இந்தியாவில் அந்தக் காலத்திலேயே பார்த்துச் செய்த நகல் நாணயங்களும் உண்டு. பார்க்க ஆசையென்றால் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் நாணயத் தொகுப்பு இருக்கிறது. இந்தியாவில் நிலத்திலிருந்து எடுத்தது என்று யாராவது நீட்டினால் தொடாதீர்கள். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எந்தக் கண்டெடுப்பும் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்கப்பட வேண்டியது.

வந்ததும் செய்ய வேண்டிய சோதனை

நகைக்கடையில் கொடுத்து உரைத்துப் பார்க்காதீர்கள். உரைகல்லில் ஒரு இழுப்பு, விளிம்பு போச்சு. அதுவும் மேல் தோலைத்தான் சொல்லும், உள்ளே இருப்பதை அல்ல. உள்ளே செம்பு, மேலே வெள்ளித் தகடு என்று அந்தக் காலத்திலேயே கள்ளநாணயம் செய்தார்கள். இவை பழமையானவைதான், ஆனால் அரசு வெளியீடு அல்ல. விலை பாதிக்கும் கீழே இருக்க வேண்டும்.

அடர்த்தியை அளப்பது நல்ல வழி. 80 சதவீத வெள்ளிக்கு அடர்த்தி 10.1 அளவில் வரும், பாதி வெள்ளிக்கு 9.7, செம்பு உள்ளீடு பெரும்பகுதி என்றால் 9.2-ஐ ஒட்டி. காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் ஒரு சொட்டுச் சோப்பு. கிண்ணத்தைத் தராசில் வைத்துச் சுழியாக்கி, மெல்லிய நூலில் கட்டிய நாணயத்தை அடியில் படாமல் தொங்கவிடுங்கள். தராசு காட்டுவது நாணயத்தின் பருமன் (கன அளவு). காற்றில் எடுத்த எடையை அதால் வகுத்தால் அடர்த்தி. ஆனால் நகை எடைபோடும் 0.01 கிராம் தராசு இதற்கு உதவாது. 3.2 கிராம் ஃபௌஸ்டினா 0.316 காட்ட வேண்டும், 0.32 என்று முழுமையாக்கிவிட்டால் அடர்த்தி 10.0 ஆகிறது, 0.31 என்றால் 10.3. அந்தப் பிழைக்குள்ளேயே கேள்வி முழுகிவிடும். 0.001 கிராம் தராசு வேண்டும். நாணயத்தில் ஒட்டிய ஒரு காற்றுக்குமிழிகூடப் பருமனைக் கூட்டி அடர்த்தியைக் குறைத்துக் காட்டும். சோப்புச் சொட்டு அதற்குத்தான்.

இக்காலப் போலிகளை அடர்த்தி பிடிக்காது, ஏனென்றால் அவற்றை நல்ல வெள்ளியிலேயே செய்கிறார்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் லூப் கண்ணாடியில் விளிம்பைச் சுற்றிப் பாருங்கள். வார்த்ததில் சுற்றிவர ஒரு தையல் கோடு இருக்கும், அல்லது அதை அரம்போட்டு அகற்றிய இணைகோடுகள். எழுத்தின் அடி தளத்தோடு கூர்மையாகச் சேராமல் கரைந்த சோப்புபோல் உருண்டிருந்தால் சந்தேகம். புதிய அச்சு வெட்டி அடித்தவை பல்கேரியாவிலிருந்து ஏராளமாக வந்திருக்கின்றன. அவற்றுக்கு ஒரே வழி, அதே எழுத்துக்கோப்பு உள்ள ஏல நாணயங்களோடு முகத்தை ஒப்பிடுவது. டோம்னா முகத்தோடு அவர் கணவரின் பின்பக்க எழுத்து என்பதுபோல் பொருந்தாத ஜோடி வந்தால், பெரும்பாலும் அந்தக் காலத்துக் கள்ளநாணயம்.

துலக்காதீர்கள். வெள்ளிக் குத்துவிளக்குக்குப் போடும் திருநீறு, பற்பசை, புளி எதுவும் இதன் பக்கம் வரக் கூடாது. சபீனா நாணயத்துக்கும் சபீனா பாத்திரப் பொடி ஆகாது. காரணம் மெருகு மட்டும் இல்லை. மண்ணில் நூற்றாண்டுகள் கிடந்த கலப்பு வெள்ளியில் செம்பு கசிந்து வெளியேறி, உள்ளே நுண்ணிய துளைகளோடு படிகமாகியிருக்கும். அழுத்தித் தேய்த்தால் ஒடியும், தரையில் போட்டால் பிஸ்கட்டாக உடையும். மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த தண்ணீரில் ஓரிரு நாள் ஊறப்போட்டு, ஒற்றி எடுத்துக் காயவையுங்கள். அவ்வளவே.

மென்மையான பி.வி.சி. உறைகள் வெப்பத்தில் பச்சைப் பிசினாகக் கசியும். கடலோர ஊர்களில் இன்னும் வேகமாக. மைலார் உறை, அமிலமில்லாத காகிதம், ஒரு பொட்டலம் சிலிக்கா ஜெல் போதும். ரப்பர் பேண்டில் உள்ள கந்தகம் வெள்ளியைக் கறுப்பாக்கும். துணி அலமாரியில் பாச்சை உருண்டையோடு சேர்த்து வைக்க வேண்டாம்.

பில்லைப் பத்திரப்படுத்துங்கள்: விற்பவர் பெயர், தேதி, படம், முந்தைய ஏல விவரம் இருந்தால் அதுவும். இந்தியாவுக்குள் வந்த பிறகு நூறாண்டுக்கு மேற்பட்ட நாணயம் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்குள் வருகிறது. அரசோ அரசு அனுமதித்த அமைப்போ தவிர வேறு யாரும் ஏற்றுமதி செய்ய முடியாது. சிங்கப்பூரிலோ லண்டனிலோ இருப்பவர், பிறகு விற்கும் எண்ணம் இருந்தால், ஊருக்கு வரும்போது நாணயத்தைக் கூட எடுத்துவர வேண்டாம்.